பஜாரில் இறக்கிய பெட்டி

வடிவம்மாளின் வலது கையில் ஐந்து நகங்களும் கறுத்திருக்கும். மருதாணி வைத்தாலும் நிறம் ஏறாது. கல்யாண வீட்டுப் பந்திகளில் பக்கத்து இலைக்காரிகள் அந்தக் கையை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். ஒருமுறை ஆய்க்குடியில் ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"சாயப்பட்டறையில வேலையோ?"

"இல்ல. போட்டோ."

"ஓ, வீட்டுக்காரக போட்டோ எடுக்காகளாக்கும்."

வடிவு சோற்றில் ரசத்துக்குக் குழி செய்துகொண்டாள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகியிருந்தது. அன்றைக்கு ஏனோ அதையும் சொல்லவில்லை.

வீட்டுக்காரன் நல்லதம்பி, அச்சன்புதூரில் பிறந்தவன். தென்காசியில் ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருஷம் கண்ணாடித் தகடு கழுவினான். அந்த ஸ்டூடியோவில் ஒரு திரை இருந்தது. திரையில் குற்றால அருவியை வரைந்திருந்தார்கள். மூன்று மைலுக்கு அப்பால் நிஜ அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் தலையை உலர்த்தி, எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, வரைந்த அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இதில் என்ன கோளாறு என்று ஏழு வருஷமும் யாரும் கேட்கவில்லை. நல்லதம்பி கேட்டான். முதலாளி, "ஒனக்கு வாய் நீளுதுலே" என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் அவன் வேலையை விட்டான்.

செங்கோட்டையில் ஒரு ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் பெட்டி செய்தான். முன்பக்கம் லென்ஸ், அதற்கு ஒரு பித்தளை மூடி. பின்பக்கம் ஒரு ஓட்டை, அதில் தைத்த கறுப்புத் துணிக் கை. பெட்டிக்குள்ளேயே படத்தாளும் இரண்டு மருந்துத் தட்டும் இருக்கும். மூடியைத் திறந்து மூடிவிட்டு, கையைத் துணிக்குள் விட்டு, இருட்டில் தடவித் தாளை எடுத்து மருந்தில் முக்க வேண்டும். வெளியே வரும்போது முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருக்கும். அதுதான் நெகடிவ். அதை லென்ஸுக்கு எதிரே குத்திவைத்து மறுபடி ஒரு படம் எடுத்தால் மனுஷன் மனுஷனாக வருவான். எல்லாம் பத்து நிமிஷ வேலை. ஈரத்தோடு கொடுத்துவிடலாம்.

சாரல் மூன்று மாசமும் குற்றாலம். மற்ற மாசங்களில் தென்காசிக் கோயிலுக்கு முன்னால், பிளந்து நிற்கும் கோபுரத்துக்கு எதிரே. அந்தப் பக்கத்தில் கேமராவைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அவனுக்கு முன் யாரும் இல்லை. முதல் வருஷம் கிளி ஜோசியம் என்று நினைத்துக் கையை நீட்டியவர்கள் உண்டு. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டவர்கள் உண்டு. மூன்றாவது வருஷம் வரிசை நின்றது. அதே வருஷம்தான் மருந்து அவன் கையைத் தின்ன ஆரம்பித்தது.

முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு வெடிப்பு. பிறகு சீழ். ஆஸ்பத்திரியில் இனி மருந்துத் தட்டில் கை வைத்தால் விரலை எடுக்கவேண்டி வரும் என்றார்கள். அது ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை. அருவிக்குப் போகிற பாதையில் கூட்டம் நெரிந்தது. நல்லதம்பி துணி சுற்றிய கையோடு பெட்டிக்குப் பின்னால் நின்றான். வடிவு வாளியைக் கீழே வைத்தாள். துணிக் கைக்குள் தன் கையை விட்டாள்.

அவளுக்கு ஒன்றும் புதிதாக இல்லை. மூன்று வருஷம் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியவள். உள்ளே எது எங்கே இருக்கும் என்று பார்க்காமலே தெரியும். தாளின் வழவழப்பான பக்கத்தை விரல் தானாகக் கண்டுகொண்டது. முதல் படம் சற்றுக் கறுத்தது. நான்காவது படம் நன்றாகவே வந்தது.

எதிரே வறுத்த கடலை விற்கும் சுடலையாண்டி பார்த்துக்கொண்டே இருந்தான். "கண்ணு புருசனுக்கு, கையி பொண்டாட்டிக்கா? நல்லா பாகம் பிரிச்சிருக்கியடே!" என்றான். நல்லதம்பி சிரித்தான். அதற்குப் பிறகு அதுதான் ஏற்பாடு. அவன் ஆட்களைக் கூப்பிடுவான், நிறுத்துவான், மூடியைத் திறப்பான். அவள் பின்னால் நிற்பாள். கழுவுகிறவள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். பலகையில் 'நல்லதம்பி போட்டோ' என்று எழுதியிருந்தது. சில நாள் மூடியைத் திறக்கும்போது, "இன்னும் கொஞ்சம் பொறுங்க அத்தான், அந்தாளு மொகம் இன்னும் வரல" என்று அவள் மெதுவாகச் சொல்லுவாள். அவனும் பொறுப்பான். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவள் தனியாக எடுத்தது வீடுகளில்தான். தென்காசியில் முஸ்லிம்கள் தெருவில், ஆண்களுக்கு முன்னால் வராத பெண்களுக்கும் படம் தேவைப்பட்டது. பினாங்கு, சிங்கப்பூர் என்று போன புருஷன்மார்களிடமிருந்து கடிதம் வரும். பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போனால் ஓர் அந்நிய ஆண் முகத்தைத் தூக்கி, தாடையைத் திருப்பி வைப்பான். வடிவு தலையில் சும்மாடு கூட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனாள். முற்றத்தில் நிறுத்தி எடுத்தாள். வேலை முடிந்ததும் நெகடிவை அந்தப் பெண் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்து அவள் கையிலேயே கொடுப்பாள். "அடுப்புல போட்டிருங்க." யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம். அந்த வழக்கத்தால்தான் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவு திறந்தது.

ஐம்பத்தெட்டு ஆனியில் ஆசியாவின் வீட்டுக்குப் போனாள்.

ஆசியாவின் புருஷன் பினாங்குக்குப் போய் நாலு வருஷம். கல்யாணமாகி அவனோடு இருந்தது நாற்பது நாள். இப்போது அங்கிருந்து அனுமதித் தாள் வந்துவிட்டது. ஆவணிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல். அதற்குள் போகாவிட்டால் தாள் செல்லாது, மறுபடி கிடைக்குமா என்று சொல்வதற்கில்லை. கூட்டிக்கொண்டு போய்க் கப்பலேற்ற வேண்டியவர் புருஷனின் அண்ணன் மைதீன் பிச்சை, பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அன்று அவர் சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தார். வீட்டில் மாமியார் மட்டும். அவளுக்குக் கண்ணில் பூ விழுந்து, ஆள் நிழல்தான் தெரியும்.

ஆசியா நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தாள். வடிவு எடுத்தாள், முக்கினாள், கழுவினாள். நெகடிவைக் குத்திவைத்து இரண்டு நகல் எடுத்தாள். மூன்றாவது நகலுக்காகப் பெட்டிக்குள் புதுத் தாளை வைத்து, நெகடிவை மீண்டும் அலச வாளிப்பக்கம் குனிந்தாள். ஆசியாவுக்கு இறுக்கம் விட்டுப்போயிருந்தது. பெட்டியின் கறுப்புத் துணியைப் பார்த்தாள்.

"மாமி, இந்தப் பெட்டியும் கோஷாதான் போலுக்கு. நமக்கு வெள்ளைத் துப்பட்டி, இதுக்குக் கறுப்பு!"

மாமியார், "ஏட்டி, வாய மூடு" என்றாள். ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். ஆசியா தலையைப் பின்னால் சாய்த்து, முக்காடு நழுவ, சத்தமாகச் சிரித்தாள். நிமிர்ந்த வடிவின் கை மூடியைத் திறந்தது. ஒன்று, இரண்டு. மூடியது.

அவள் யோசித்துச் செய்யவில்லை. செய்த பிறகு யோசித்தாள், அப்போதும் சொல்லவில்லை. வேறு தாள் வைத்து மூன்றாவது நகலையும் முடித்தாள். முதல் நெகடிவை நாலாகக் கிழித்து ஆசியாவின் கையில் வைத்தாள். இன்னொன்று, அந்தச் சிரிப்பு, பெட்டிக்குள் ஹைப்போ மருந்துத் தட்டில் கிடந்தது.

அதை வீட்டில் நகலெடுத்துப் பார்த்தாள். ஒரு கண்ணோரம் அசைந்து கலங்கியிருந்தது. அதனால் ஒன்றும் கெடவில்லை. இத்தனை வருஷமும் பெட்டிக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் மாஜிஸ்ட்ரேட்டுக்கு முன்னால் நிற்பதுபோல நின்றார்கள். இந்த முகத்துக்கு மட்டும் யாரும் பார்ப்பது தெரியாது. வடிவு அதையும் நெகடிவையும் பழைய தாள் டப்பாவில் அடியில் வைத்தாள். கிழிக்கத்தான் வேண்டும், நாளைக்குக் கிழிப்போம் என்று பத்து நாள் போயிற்று.

பதினோராம் நாள் விடியுமுன் குற்றாலத்தில் சாரல் பலமாக அடித்து, பஸ் நிற்கிற இடத்தில் மாட்டியிருந்த மாதிரிப் படங்கள் நனைந்து சுருண்டன. காலையில் நல்லதம்பி டப்பாவைத் திறந்து கைக்கு வந்த படங்களை எடுத்துப் பலகையில் குத்தினான். அவன் அந்தத் தெருவுக்குப் போனதே இல்லை. ஆசியா யாரென்று அவனுக்குத் தெரியாது. வடிவு அருவிப் பாதையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மாலையில் பலகையைக் கழற்றும்போதுதான் நடுவில் ஒரு வெற்றிடத்தைப் பார்த்தாள். நாலு மூலையிலும் ஆணியோடு கிழிந்த தாள் துணுக்கு இருந்தது.

"இங்கன என்ன இருந்துச்சு?"

"ஒரு பொம்பள சிரிச்சமேனிக்கு இருந்தாளே, அந்தப் படம். நல்லா இருக்குன்னு நடுவுல வச்சேன். எவனோ பிச்சிட்டுப் போயிட்டான்."

வடிவு பலகையைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.

மறுநாள் காலையில் ஆசியாவின் வீட்டுக் கதவு ஒரு சாணுக்குமேல் திறக்கவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"பெரிய மச்சான் குத்தாலத்துல இருந்து படத்தக் கொண்டாந்து போட்டாக. இது யாருன்னு கேட்டாக. நாந்தான்னேன். எவன் முன்னால இப்பிடிச் சிரிச்சேன்னு கேக்காக."

"நான்தான எடுத்தேன். சொல்லலியா?"

"சொன்னேங்கா. பொம்பளைக்குப் பெட்டியில என்ன தெரியும், அவ கழுவுறவ, பலகையில யாரு பேரு இருக்குங்காக. மாமி சத்தியம் பண்ணுனாக. ஒனக்குத்தான் கண்ணு தெரியாதேன்னுட்டாக." கதவு இன்னும் சற்றுக் குறுகியது. "கப்பலுக்குக் கூட்டிட்டுப் போமாட்டேன்னுட்டாக. தம்பிக்குக் காயிதம் எழுதப் போறாகளாம்."

"என்னன்னு?"

"என்னன்னு எழுதுவாக?"

எதற்காக அந்தப் படம் எடுத்தாய் என்று ஆசியா கேட்பாள் என்று வடிவு எதிர்பார்த்தாள். அவள் கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

வீட்டில் நல்லதம்பி கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் கையில் சுற்றிய துணியை அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றினான்.

"நான் போயி அந்த அண்ணாச்சி கால்ல விழுதேன். தெரியாம மாட்டிட்டேன்னு சொல்லுதேன்."

"நீங்க போனா, நீங்க எடுத்ததாத்தான ஆவும்?"

"ஆவட்டும். நாலு நாள் பேசுவானுவ."

"ஒங்களுக்கு நாலு நாள். அவளுக்கு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "எல்லாம் நீதான் எடுக்கன்னு பஜார்ல போயிச் சொன்னா, அப்புறம் நான் யாருட்டி?"

வடிவு சும்மாடு கூட்டினாள். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்து, ஸ்டாண்டைத் தோளில் சாத்தி, வாளியை மறு கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். குழந்தையைத் தூக்குகிற கனம்தான். ஆனால் அவ்வளவையும் ஒரே ஆளாக அவள் பஜாருக்குத் தூக்கிப் போனதை அன்றுதான் ஊர் பார்த்தது.

பஜாரில் வெயில் ஏறியிருந்தது. மைதீன் பிச்சையின் கடையில் இரண்டு பேர் சேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் சுவரில் அவருடைய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஸ்டூடியோவில் எடுத்து, பென்சிலால் சுருக்கத்தையெல்லாம் அழித்த படம். வடிவு கடைக்கு எதிரே தெருவிலேயே ஸ்டாண்டை விரித்தாள்.

"என்னம்மா இது, கடைய மறிச்சிட்டு?"

"அண்ணாச்சி, ஆசியா படத்த எடுத்தது நான். என் வீட்டுக்காரக அந்தத் தெருவ மிதிச்சதில்ல."

சேலை பார்த்தவர்கள் திரும்பினார்கள். மைதீன் பிச்சையின் முகம் இறுகியது. "வீட்டுப் பொம்பள பேர நடுத்தெருவுல எடுக்காத."

"இனி எடுக்கல. நீங்க நம்பலன்னுதான் பெட்டியத் தூக்கிட்டு வந்தேன். இப்ப ஒங்கள எடுக்கேன். எனக்கு எடுக்கத் தெரியலன்னா நீங்க நினைக்கதே சரி. என்னமும் எழுதுங்க. தெரிஞ்சா, எடுத்தது நான்னு ஒத்துக்கிடுங்க."

கூட்டம் கூட எவ்வளவு நேரமாகும்? கறிவேப்பிலைக்காரி கூடையோடு நின்றாள். பாத்திரக்கடையிலிருந்து ஆள் இறங்கி வந்தான். குற்றாலத்தில் விற்கக் கடலை வாங்க வந்த சுடலையாண்டியும் நின்றான். "மொதலாளி, அசையாம இருங்க. அசஞ்சா ஜவுளிக்கு வெல கொறஞ்சிரும்" என்றான் ஒருவன். இன்னொருவன், "உள்ளுக்க நல்லதம்பிய வச்சிருக்காளோ, தெறந்து பாருங்கடே!" என்றான். சிரிப்பு.

மைதீன் பிச்சைக்கு எழுந்து போகவும் முடியவில்லை. எழுந்தால் ஒரு பெண்ணுக்குப் பயந்ததாக ஆகும். மடியில் கை வைத்து உட்கார்ந்தார்.

கோயில் பக்கமிருந்து காற்று அடித்தது. ஸ்டாண்டு ஆடியது. வடிவு வாளியை ஸ்டாண்டின் கொக்கியில் தொங்கவிட்டாள், ஆட்டம் நின்றது. உள்ளே தாளை வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்தாள். மூடியைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் தெருவில் அவள் மூடியைப் பிடித்ததில்லை.

அப்போது கூட்டத்தில் ஒரு விலகல். நல்லதம்பி வந்திருந்தான். "இந்தா வந்துட்டாம்லா. ஏ நல்லதம்பி, போயி மூடியத் தெற" என்றார்கள். அவன் நின்ற இடத்தில் நின்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் துணியை அவிழ்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான். தோல் உரிந்து மீன் செதிளாக இருந்தது.

"மூணு வருசமா இந்தக் கை உள்ள போனதில்ல. எப்பத் தெறக்கணும்னு சொல்லுதவளும் அவதான்" என்றான். "எடுக்கட்டும்."

வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, மூச்சு விடலாம், தல அசையப்பிடாது" என்றாள். ஒன்று, இரண்டு. மூடினாள். துணிக்குள் கையை விட்டாள். கூட்டம் அடங்கியது. அவள் கண் எதையும் பார்க்கவில்லை; உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் ஈரப் படத்தை உதறி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். சுவரில் இருந்ததைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கையில் இருந்ததைப் பார்த்தார். கீழ்த்தாடை முன்னே தள்ளி, புருவம் இறங்கி, அடிக்க ஓங்கிய ஆளின் முகம்.

"நான் இப்பிடியா இருக்கேன்?"

"இப்ப இருந்திய."

கூட்டத்தில் யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். மைதீன் பிச்சை படத்தைக் கல்லாவுக்குள் கவிழ்த்து வைத்தார். பிறகு, "கப்பலுக்கு நாள் கிடக்கு. கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவள் பெட்டியைக் கழற்றத் தொடங்கியபோது கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளகிட்ட கேட்டா எடுத்த?"

"இல்ல."

"சிரிக்கப்போ எடுத்தன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி."

"அப்ப நீ செஞ்சது களவு. இனிமே எங்க தெருவுக்கு வராத."

வடிவு தலையசைத்தாள். மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து வைத்தாள். உள்ளே அந்தச் சிரிப்பின் நெகடிவ் இருந்தது. ஆசியாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். ஆசியா அதை என்ன செய்தாள் என்று வடிவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆவணிக் கடைசியில் ஆசியா கப்பலேறினாள் என்பது மட்டும் கறிவேப்பிலைக்காரி மூலம் வந்து சேர்ந்தது.

அந்தத் தெருக் கதவுகள் அதற்குப் பிறகு அவளுக்குத் திறக்கவில்லை. அந்தப் பெண்கள் படத்துக்கு என்ன செய்தார்களோ. பஜார் திறந்தது. வேடிக்கைக்கு வந்தவர்களும் பந்தயம் கட்டி வந்தவர்களும் பழகிப்போய் வாடிக்கையானார்கள். கடையத்திலிருந்து வண்டி கட்டி வந்து, "போட்டோக்காரி எங்கன நிக்கா?" என்று கேட்டார்கள். நல்லதம்பி கொஞ்ச நாள் கூட வரவில்லை. பிறகு வந்தான்; தண்ணீர் எடுத்தான், ஆட்களை வரிசையில் நிறுத்தினான். பலகையை யாரும் மாற்றி எழுதவில்லை. மழையில் எழுத்து தானாக அழிந்தது. அறுபதுகளில் குற்றாலத்தில் பெட்டி வைத்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெண்களை எடுத்தால் நெகடிவைக் கிழித்துக் கையில் கொடுப்பது அவர்களுக்கு வழக்கம். ஏன் என்று கேட்டால், "அப்பிடித்தான்" என்பார்கள்.

அறுபத்தாறில் ஒரு மாசி மாசக் காலை. கோயிலுக்கு எதிரே வாழையிலை விற்கிற ஆவுடைத்தாய் பக்கத்துப் பூக்காரி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு. இலைக்கட்டு மடியிலிருந்து சரிந்தது. வெயில் சரியாக அவள் மேல் விழுந்தது. வடிவின் பெட்டிக்குள் தாள் தயாராக இருந்தது. லென்ஸ் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கை மூடிக்குப் போயிற்று. மூடியின் மேலேயே நின்றது.

"எக்கா," என்று கூப்பிட்டாள். "ஒரு படம் எடுத்துக்கிடட்டா?"

ஆவுடைத்தாய் சிரிப்பை நிறுத்தினாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள், தலையைக் கையால் தடவிப் படிய வைத்தாள், முதுகை நிமிர்த்திப் பெட்டியைப் பார்த்தாள்.

"எடு," என்றாள்.

வடிவு மூடியைத் திறந்தாள்.